ஒற்றுமை விசாரணை

சின்னவளுக்கு வேலை கிடைத்த செய்தியை அவளுடைய அப்பா லேசில் நம்பவில்லை. முப்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். எதுவும் சும்மா மேலே போகாது, போனால் எங்கோ ஏதோ கழன்றிருக்கிறது என்பது அவருடைய தொழில் அனுபவம். பட்டம் வாங்கி நாலே மாதத்தில், யாருடைய சிபாரிசும் இல்லாமல், ஒன்பது மாடித் தொலைக்காட்சி நிறுவனம் தன் இளைய மகளைக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறது என்றால் அவருக்கு ஏன் சந்தேகம் வராது?

"என்ன வேலைம்மா அது?"

"நகைச்சுவைப் பிரிவுலப்பா. புதுசா ஒரு தொடர் எடுக்கறாங்க. காலேஜ் முடிச்ச ஒரு பொண்ணு பெரிய கம்பெனியில வேலைக்குச் சேர்றா. அங்க அவ படற பாடுதான் கதை."

"அதுல நீ என்ன பண்ணணும்?"

"கதாசிரியருக்கு உதவி. அவர் எழுதறது நிஜம் மாதிரி இருக்கான்னு பார்த்துச் சொல்லணும். நான் இப்பதானே காலேஜ் முடிச்சிருக்கேன்."

அப்பா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "நிஜம் மாதிரி இருக்கான்னு பார்க்க ஒரு ஆள் வேணும்னா, அந்தக் கட்டடத்துல நிஜம் எங்கயும் கிடைக்கலைன்னு அர்த்தம். பார்த்துப் போ."

முதல் நாள் மனிதவள மேடம் அவளை வரவேற்றார். மேடம் அழகாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மெல்ல ஆரம்பித்து, நடுவில் உயர்ந்து, கண்களைத் தொட்டுவிட்டு, சரியான இடத்தில் நின்றது.

"இதைக் கம்பெனின்னு நினைக்காதீங்க. இது ஒரு குடும்பம்" என்று சொல்லிவிட்டு, பதினான்கு தாள்களை எடுத்து வைத்து ஒவ்வொன்றிலும் கையெழுத்து வாங்கினார்.

சின்னவள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் உள்ளவள். பன்னிரண்டாவது தாளில், அலுவலகத்தில் காதில் விழும் எதையும் வெளியாரிடம் சொல்ல மாட்டேன் என்று இருந்தது. பதின்மூன்றாவது தாளில், அலுவலகத்தில் காதில் விழும் எல்லாவற்றையும் மேலதிகாரிகளிடம் உடனுக்குடன் சொல்வேன் என்று இருந்தது. பதினான்காவது, முந்தைய பதின்மூன்றையும் படித்து மகிழ்ந்தேன் என்பதற்கான உறுதிமொழி.

"எங்க வீட்டுல இப்படிக் கையெழுத்தெல்லாம் வாங்க மாட்டாங்க மேடம்."

"அதனாலதான் நிறைய வீட்டுல பிரச்சினை" என்றார் மேடம்.

கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார்கள். அதில் 'பயிற்சி' என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. ஆறு மாதம் கழித்து நிறுவனம் திருப்திப்பட்டால் பணி உறுதிக் கடிதம் வரும், சிவப்பு நீலமாகும். அதுவரை அவள் கணக்கிலேயே இல்லை.

கதாசிரியரின் அறை ஆறாவது மாடியின் கோடியில், காகிதக் கட்டுகள் அடுக்கும் அறைக்குள் ஓர் அறையாக இருந்தது. ஐம்பது தாண்டியவர். குளிர்சாதனக் காற்று ஒத்துக்கொள்ளாமல் எந்நேரமும் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார். அவளைப் பார்த்ததும், "உங்களை எதுக்கு அனுப்பினாங்க?" என்று கேட்டார்.

"உதவிக்கு சார்."

"யாருக்கு உதவி?" என்றார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

ஆனால் மனிதர் எழுதத் தெரிந்தவர். முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதில் ஒரு மேலாளர் வருகிறார். கூட்டத்துக்கு முன் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துப் பழகுவார். கீழே இருப்பவர்கள் ஏதாவது நல்ல யோசனை சொன்னால், "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று சொல்லி அதைத் தன்னுடையதாக்கிக்கொள்வார். தன் காப்பிக் கோப்பையை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைக்குள் தொங்கவிட்டிருப்பார். புதிதாகச் சேர்ந்த பெண் இந்த மனிதரிடம் மாட்டிக்கொண்டு முழிப்பதுதான் கதை.

"எப்படி இருக்கு?" என்றார் கதாசிரியர்.

"அந்தப் பொண்ணு முழிக்கிறது அப்படியே நிஜம் சார்."

"மேலாளர்?"

"எனக்கு மேலாளர்களைப் பழக்கமில்லையே."

"பழகும்" என்றார் அவர்.

விதிப்படி அத்தியாயத்தின் பிரதிகள் மூன்று அதிகாரிகளுக்குப் போயின. மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்தது.

முதலில் நிகழ்ச்சித் தலைவர் அவளைக் காப்பி இயந்திரத்தின் பக்கம் ஒதுக்கினார். தொடர்கள் அனைத்துக்கும் பொறுப்பானவர் அவர். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மேலாளர்... யாரை மனசுல வச்சு எழுதினாராம்?"

"தெரியலையே சார். பொதுவா எழுதியிருப்பாருன்னு நினைக்கிறேன்."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார் நிகழ்ச்சித் தலைவர். சொல்லி முடித்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. கோப்பையில் காப்பி வழிந்து கையில் பட்டதுகூடத் தெரியாமல் நின்றார். பிறகு, "அவர்மேல ஒரு கண் வைங்க. என்ன பண்றார், யார்கூடப் பேசறார்னு தினம் ஒரு தாள்ல எழுதி என்கிட்ட மட்டும் கொடுங்க. உங்க உறுதிக் கடிதம் என் கையெழுத்தோடதான் வரணும், தெரியுமில்ல?" என்றார்.

மதியம் மனிதவள மேடம் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தினார், பூட்டினார், பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

"கண்ணாடி முன்னாடி சிரிச்சுப் பழகற விஷயம் அவருக்கு எப்படித் தெரிஞ்சது?"

"யாரு பழகற விஷயம் மேடம்?"

"யாரோ. பொதுவாக் கேக்கறேன். காலையில ஏழேமுக்காலுக்கு, நாலாவது மாடி ஓய்வறையில, விளக்கை அணைச்சிட்டுத்தான் பழகறது. அப்புறம் எப்படித் தெரியும்?" மேடத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் வேறு யாருடையதோ போல வந்தது. அவரும் தினம் ஒரு தாள் கேட்டார். அவருக்கு மட்டும்.

சாயங்காலம் சட்ட அதிகாரி லிஃப்டில் வைத்துப் பிடித்தார். வார்த்தைகளை எடை போட்டுப் பேசுகிறவர்.

"ஒருத்தர் தன்னோட கோப்பையைப் பூட்டி வைக்கிறார்னு வச்சுப்போம். நான்னு சொல்லலை. அதுல சட்ட விரோதம் எதுவும் இல்லை, ஒத்துக்கறீங்களா?"

"இல்லை சார்."

"இல்லைன்னா, விரோதம் இல்லையா? ஒத்துக்கலையா?"

லிஃப்ட் தரைத்தளம் வந்து கதவு திறந்தது. அவர் பொத்தானை அழுத்தி மறுபடியும் மேலே கொண்டுபோனார். மூன்றாவது தாளும் முடிவாயிற்று.

மறுநாள் கதாசிரியர் அவளைப் பார்த்து இருமினார். "மூணு பேரும் உங்களைத் தனித்தனியாக் கூப்பிட்டாங்க இல்லையா? அவங்க என்ன பேசறாங்கன்னு எனக்கு எழுதிக் கொடுங்க. இல்லைன்னா நீங்க அவங்க ஆளுன்னு நினைச்சுப்பேன்."

இரவுச் சாப்பாட்டில் வீட்டாரிடம் சொன்னாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "நாலு பேருக்கு ஒற்றரா? எங்க கூடத்துலகூட ஒரு ஆள்கிட்ட ஒரு தடவைதான்டி ரத்தம் எடுப்போம்."

அப்பா சிரிக்கவில்லை. "பொய் எழுதாதே. நாலு பொய்யை ஞாபகம் வச்சிக்கிட்டு உன்னால காலம் தள்ள முடியாது."

அவளும் பொய் எழுதவில்லை. உண்மையையே எழுதினாள். ஒரு தாள் எழுதி அதையே மூன்று பிரதி எடுத்தாள். 'இன்று கதாசிரியர் ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு வந்தார். பதினோரு தடவை இருமினார். ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார். இரண்டு பக்கம் எழுதி ஒன்றரைப் பக்கம் அடித்தார். யாரோடும் பேசவில்லை.' கதாசிரியருக்கு எழுதிய தாள் இன்னும் சுருக்கம்: 'மூவரும் உங்களைப் பற்றிக் கேட்டார்கள்.' அதைப் படித்துவிட்டு அவர் அன்று மேலும் எட்டுத் தடவை இருமினார். அதையும் அவள் சேர்த்து எழுதினாள்.

இதற்கிடையில் கதை திருத்தத்துக்குத் திரும்பி வந்தது. மேலாளர் சிரிக்கக் கூடாது என்றார் மேடம். யாருடைய யோசனைக்கும் பதில் சொல்லக் கூடாது என்றார் நிகழ்ச்சித் தலைவர். அவரிடம் இழுப்பறையே இருக்கக் கூடாது என்றார் சட்ட அதிகாரி. கதாசிரியர் மேலாளரை அண்டை அலுவலகத்துக்காரராக மாற்றினார். அண்டை என்றால் எந்தப் பக்கம் என்று கேட்டு வந்தது. பல் மருத்துவராக மாற்றினார். மேடத்தின் கணவர் பல் மருத்துவர். கடைசியில் மனிதர் வெறுத்துப்போய் மேலாளரை ஒரு நகல் எடுக்கும் இயந்திரமாக்கினார். புதிதாகச் சேர்ந்த பெண் அதனோடு மல்லுக்கு நிற்கிறாள், அவ்வளவுதான்.

அன்று மாலையே சட்ட அதிகாரியிடமிருந்து குறிப்பு வந்தது: 'இயந்திரம் அடிக்கடி சூடாகி நின்றுவிடுகிறது. எதைக் கேட்டாலும் ஒரே மாதிரி பதில் தருகிறது. இது யாரைக் குறிக்கிறது என்பது அலுவலகம் முழுவதும் தெரியும்.' நிகழ்ச்சித் தலைவரும் எழுதியிருந்தார்: 'பிறர் எழுதியதைத் தன் வழியாக வெளியே தள்ளும் இயந்திரம். புரிகிறது.' மேடம் ஒரு வரிதான் எழுதியிருந்தார்: 'அதன் விளக்கு ஏன் காலை ஏழேமுக்காலுக்கு எரிகிறது?'

விஷயம் ஒன்பதாவது மாடிக்குப் போயிற்று. அங்கே நிறுவனத்தின் தலைவர் இருந்தார். எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். அவர் எந்தக் கதையையும் படிப்பதில்லை. படித்தால் ஒரு பக்கச் சார்பு வந்துவிடும் என்பது அவர் கொள்கை. மேலாளர் பாத்திரம் யாரை ஒத்திருக்கிறது என்று கண்டறிய அவர் ஒரு குழு அமைத்தார். அதற்கு 'ஒற்றுமை விசாரணைக் குழு' என்று பெயர் வைத்தார்கள். பெயரைத் தப்பாகப் புரிந்துகொண்ட இரண்டாவது மாடிக்காரர்கள் பூச்செண்டு அனுப்பினார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் மேடம் சின்னவளிடம் ஒரு படிவத்தைக் காட்டினார். 'கதாசிரியர் நமது அதிகாரிகளை மனத்தில் வைத்தே எழுதினார் என்பது சாட்சிக்குத் தெரியும். ஆம் / இல்லை.' கூடவே அவளுடைய பணி உறுதிக் கடிதமும் இருந்தது. மூன்று கையெழுத்தும் போட்டாயிற்று. தேதி மட்டும் காலி.

"ஆம்னு குறி போட்டா நாளைக்கே தேதி போட்டுடலாம். இல்லைன்னு போட்டா..." மேடம் சிரித்தார். இது முதல் நாள் சிரிப்பு இல்லை என்று சின்னவளுக்குப் பட்டது. இதன் முடிவு வேறு மாதிரி இருந்தது.

அவள் நேரே ஆறாவது மாடிக்குப் போனாள். ஒளித்து ஒளித்து எழுதி அலுத்துவிட்டது. "சார், ஒரே ஒரு உண்மை சொல்லுங்க. அந்த மேலாளர் யாரு?"

கதாசிரியர் எதிர்க் கட்டடத்தை நோக்கித் திரும்பிக்கொண்டார். "நான்தான்" என்றார்.

"நீங்களா?"

"இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு பெயிண்ட் கம்பெனியில மேலாளரா இருந்தேன். கண்ணாடி முன்னாடி சிரிச்சுப் பழகினது நான். கோப்பையைப் பூட்டினது நான். உங்க வயசுல ஒரு பொண்ணு புதுசா வந்து சேர்ந்தா. டப்பா மூடியிலயே உள்ள இருக்கற நிறத்தைத் தடவிட்டா கடைக்காரனுக்குத் தேட வேண்டாமேன்னு சொன்னா. நானும் அதைத்தான் நினைச்சேன்னு சொன்னேன். எனக்கு விருது கொடுத்தாங்க. ஆனா அதுக்கப்புறம் என் முகத்தைப் பார்த்து அவ பேசவே இல்லை." இருமல் வரவில்லை; வந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "அதைத்தான் எழுதறேன். இவங்களை நான் நினைச்சே பார்க்கலை. இவங்களுக்கு அது புரியாது."

சின்னவளுக்கு மனசு என்னவோ செய்தது. இந்தக் கட்டடத்தில் தன்மேலேயே குற்றம் சொல்லிக்கொண்ட முதல் ஆளை அவள் பார்க்கிறாள். இவரை நம்பலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் ஒன்பதாவது மாடியில் விசாரணை. நீள மேஜையின் தலைமாட்டில் பெரியவர் கண்களை மூடி உட்கார்ந்திருந்தார். பேச்சைக் குறிப்பெடுக்க வெளியிலிருந்து ஒரு சுருக்கெழுத்தரை வரவழைத்திருந்தார்கள். மூன்று அதிகாரிகளும் தங்கள் தங்கள் ரகசிய அறிக்கைக் கட்டுகளை மேஜையில் வைத்தார்கள். சட்ட அதிகாரி மூன்று கட்டுகளையும் ஒன்றாக வைத்துப் புரட்டினார். நெற்றி சுருங்கியது. பிறகு மலர்ந்தது.

"ஐயா! மூன்று தனித்தனி ஆதாரங்கள், எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றன! இருமின எண்ணிக்கைகூடத் தவறவில்லை. இதைவிட உறுதியான சாட்சியம் என் அனுபவத்தில் வந்ததில்லை."

பெரியவர் கண்ணைத் திறக்காமல் தலையாட்டினார். அதிகாரிகள் ஒவ்வொருவராகத் தங்களுக்கும் அந்த மேலாளருக்கும் ஒற்றுமை இல்லை என்று விளக்க எழுந்தார்கள்.

நிகழ்ச்சித் தலைவர் முதலில் பேசினார். "நான் யாருடைய யோசனையையும் எடுத்துக்கறதில்லை. எல்லா யோசனையும் என் மேஜை வழியாத்தான் போகணும்கறது விதி. என் மேஜைக்கு வந்ததும் நான் அதை நினைக்கிறேன். நான் நினைச்சது என்னோடதுதானே? பன்னிரண்டு வருஷமா இதுல ஒரு புகார்கூடக் கிடையாது. புகார் பண்ணினவங்க யாரும் இப்போ இங்க இல்லை."

மேடம் எழுந்தார். "சிரிப்பு எனக்குத் தானா வராதுங்க. உழைச்சு வரவழைக்கிறேன். ஆள் சேர்க்கும்போது ஒரு சிரிப்பு, ஆளை அனுப்பும்போது ஒரு சிரிப்பு. மாறிப்போனா என்ன ஆகும்னு யோசிங்க. ஒரு தடவை மாறிப்போச்சு. அந்த மனுஷன் பதவி உயர்வுன்னு நினைச்சு, இன்னும் தினமும் வந்து வாசல்ல உட்கார்ந்திருக்கார். அந்தப் பொறுப்பை இந்த மேலாளரோட சேர்த்துப் பேசலாமா?"

சட்ட அதிகாரி தொண்டையைச் செருமினார். "கோப்பையைப் பூட்டுகிற ஒருவர் ஏன் பூட்டுகிறார்? தன்னுடைய கோப்பை என்றால் யார் பூட்டுவார்கள்? அது அவருக்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்தவருடையது. அவர் திரும்பி வந்து கேட்டால்? ஆகவே அது திருட்டு அல்ல, பாதுகாப்பு. நான் என்று சொல்லவில்லை."

சுருக்கெழுத்தரின் பேனா ஒரு கணம் நின்று, பிறகு ஓடியது.

"சாட்சி" என்றார் பெரியவர்.

சின்னவள் படிவத்தைப் பார்த்தாள். காலித் தேதியோடு இருந்த கடிதத்தையும் பார்த்தாள். நீல எழுத்து அட்டையை அம்மாவிடம் காட்டுவதாக ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். 'இல்லை' மேல் குறி போட்டாள்.

"அவர் உங்க யாரையும் வச்சு எழுதலை. தன்னைத்தான் எழுதியிருக்கார். நேத்து என்கிட்டச் சொன்னார்."

அறை நிம்மதிப் பெருமூச்சு விடும் என்று நினைத்தாள். யாரும் விடவில்லை. மூன்று முகங்களும் அடிமடியில் கை வைத்தது போல ஆயின.

"அவரையா?" என்றார் நிகழ்ச்சித் தலைவர். "அவர் எழுத என்ன இருக்கு? அந்த மேலாளர் எவ்வளவு பெரிய ஆளுமை!"

"அந்தச் சிரிப்பை அவரால சிரிக்க முடியுமா? முயற்சி பண்ணச் சொல்லுங்க" என்றார் மேடம்.

"கோப்பை விவரம் என்னுடையது" என்றார் சட்ட அதிகாரி. இந்த முறை 'நான் என்று சொல்லவில்லை' என்று சேர்க்கவில்லை.

அரை மணி நேரம் யாருக்கு எவ்வளவு ஒற்றுமை என்று மூவரும் கத்தினார்கள். எல்லாம் ஓய்ந்ததும் பெரியவர் கண்ணைத் திறந்தார். அவர் குரலில் பெரிய மனத்தாங்கல் இருந்தது.

"அப்போ நான் எங்கேயுமே வரலையா?"

தீர்ப்பு அன்றே வந்தது. மேலாளர் பாத்திரம் மீண்டும் மனிதனாக்கப்படும். ஒருவருக்குப் பதில் மூன்று மேலாளர்கள் வருவார்கள். அவர்களுக்கு மேலே, அதிகம் பேசாத, கம்பீரமான ஒரு தலைவர் இருப்பார். இதையெல்லாம் எழுத வேறு ஆள் இல்லாததால் கதாசிரியர் பணியில் நீடிப்பார். சாட்சியைப் பொறுத்தவரை, முந்தின நாள் காதில் விழுந்ததை உடனே சொல்லாமல் ஓர் இரவு வைத்திருந்தது பதின்மூன்றாவது தாளுக்கு மாறு. மறுநாள் அதை வெளியாளான சுருக்கெழுத்தர் முன்னிலையில் சொன்னது பன்னிரண்டாவது தாளுக்கு மாறு. தவிரவும், இவர் மேல் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. அதுவே சந்தேகத்துக்கு இடமளிக்கிறது.

அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஆறாவது மாடிக்குப் போனாள். கதாசிரியர் ஏதோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். "போயிட்டு வரேன் சார்" என்றாள். "ம்" என்றார், நிமிரவில்லை. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டாள். அன்று மழை. கீழே வந்த பிறகுதான் குடையை மறந்தது ஞாபகம் வந்தது. அட்டை இல்லாததால் காவலாளி உள்ளே விடவில்லை. நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனாள். அப்பா கதவைத் திறந்து, துண்டை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. வருகிறவர்களுக்கு எழுத்துப் பலகையைக் காட்டி, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். தெரிகிறது, தெரியவில்லை என்று மனிதர்கள் பளிச்சென்று சொன்னார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

தொடர் ஒளிபரப்பான சனிக்கிழமை சாயங்காலம் வீடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் வந்தாள். பதினான்கு தாளில் கையெழுத்துப் போட்டாள். மூன்று மேலாளர்கள் அவளைத் தனித்தனியே கூப்பிட்டார்கள். அவள் ஒரே அறிக்கையை மூன்று பிரதி எடுத்தாள். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. கடைசியில் அந்தப் பெண் விசாரணையில் எழுந்து, கையைக் காலை ஆட்டி உண்மையைச் சொல்லிவிட்டு, நிமிர்ந்த தலையோடு படியிறங்கிப் போனாள். பின்னணியில் வயலின். 'முழுக்க முழுக்கக் கற்பனை' என்று திரையில் வந்தது.

"அந்த இருமல் மனுஷன் உன் கதையை அப்படியே தூக்கிட்டானேடி!" என்றாள் அக்கா.

"நானாவது கையைக் காலை ஆட்டிப் பேசறதாவது? எனக்குக் குரலே எழும்பலை அன்னைக்கு" என்றாள் சின்னவள். எது தனக்குக் கோபம் மூட்டுகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. கதையை எடுத்துக்கொண்டதா, எடுத்ததைத் தப்பாகக் காட்டியதா?

மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. இருமலைக் கேட்டதுமே யாரென்று தெரிந்தது.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"ஊரெல்லாம் அந்தப் பொண்ணைப் பத்தித்தான் பேச்சு. மூணு மேலாளர்களை யாரும் கண்டுக்கவே இல்லை. நீங்க ஒண்ணும் தப்பா நினைச்சுக்கக் கூடாது. எழுதறவன் யாரை எழுதினாலும் கடைசியில தன்னைத்தான் எழுதறான். ஒரு விதத்துல அந்தப் பொண்ணும் நான்தான்."

சின்னவள் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஒரு சின்ன விஷயம்" என்றார். குரல் குழைந்தது. "அடுத்த வாரத்துக்கு எழுதணும். அந்தப் பொண்ணு படியிறங்கி வெளிய போறா இல்லையா? அதோட நிக்குது. அப்புறம் என்ன பண்ணினீங்க? நேரா வீட்டுக்குப் போனீங்களா? வீட்டுல என்ன சொன்னாங்க? இப்போ எங்க வேலை?"

அப்பா செய்தித்தாளைத் தாழ்த்திக்கொண்டு அவளையே பார்த்தார்.

"அந்தப் பொண்ணு நீங்கதானே சார்" என்றாள் சின்னவள். "அப்புறம் என்ன பண்ணினீங்கன்னு உங்களுக்கே தெரியாதா?"